விவசாயக் கல்லூரிக்கு யார் போவது?

(உயர்தர வகுப்பு மாணவரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)





விவசாயக் கல்லூரியில் மாணவர் வாழ்வு எத்தகையது, அங்கே சென்று கற்கவேண்டிய காரணம் யாது என்பவற்றைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். பொருள் எளிது, இந்தச் சபையில் அதைப் பேசுவதுதான் கடினம். ஏனெனில், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுட் பலர் மருத்துவராக வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் படிப்பவர்கள். பின்வரிசையில் இருக்கும் தந்தையரோ, தாம் பட்ட பாட்டைத் தம் பிள்ளையும் படக்கூடாது என்பதற்காகவே காணியை ஈடு வைத்து ரியூசனுக்குக் காசு கட்டுபவர்கள். இவ்விரு சாராரிடத்தும் வந்து நின்று "விவசாயம் படியுங்கள்" என்று சொல்பவனை நீங்கள் சந்தேகக் கண்கொண்டு பார்த்தால், அதில் வியப்பொன்றும் இல்லை.

உள்ளதை உள்ளபடியே பேசுவோம். நமது பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களுக்கு இன்று செல்வோர் யாவர்? மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, இசற் புள்ளி போதாமல், பல் மருத்துவத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் எட்டாமல், விண்ணப்பப் படிவத்தில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ எழுதிவைத்த பாடநெறி கிடைத்ததனாற் செல்வோரே பெரும்பாலோர். அனுமதிக் கடிதம் வந்த வீட்டிலே மகிழ்ச்சி இல்லை. தாய் ஆறுதல் சொல்கிறாள். அயல்வீட்டார், "கமம் செய்வதற்கும் ஒரு பட்டமோ?" என்று கேட்டுப் போகின்றனர். இவ்வாறு தோற்றவனாகத் தன்னை எண்ணிக்கொண்டு உள்ளே நுழையும் மாணவன், முதலாம் ஆண்டின் பாதியை அந்த எண்ணத்திலேயே கழித்துவிடுகிறான். உயர்தர வகுப்பிற் பௌதிகத்துக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம் என்ற விதி இருந்தும், அதை எடுத்தால் மருத்துவத்தின் கதவு அடைபடும் என்பதற்காக, வெற்றி வாய்ப்பு மிகக் குறைந்த மாணவரையும் பௌதிகத்தில் இருத்தி வைக்கும் பெற்றோரை நாம் காண்கிறோம் அல்லவா?

இந்த மனப்பான்மை நேற்று முளைத்ததன்று. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினறியைத் தொடங்கிய காலந்தொட்டு, ஆங்கிலம் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம், அதுவும் கிடைக்காதவனுக்கு மலாயா என்பது நமது வழக்கமாயிற்று. கல்வி என்பது மண்ணிலிருந்து தப்பிச் செல்லும் வழி என்றே நாம் கண்டோம். தண்ணீரும் ஆறும் இல்லாத குடாநாட்டிற் பிறந்தவர்கள் அவ்வாறு எண்ணியதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். அன்று அது புத்திசாலித்தனமே. ஆனால் 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது உத்தியோகக் கதவு பாதி அடைபட்டது. 1971இல் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவ, பொறியியற் கதவுகளும் நமது பிள்ளைகளுக்கு இறுகின. இரண்டுக்கும் எதிராக நாம் போராடினோம், போராடியது நியாயமே. எனினும் கதவுகள் அடைபட்ட பின்பும், அந்தக் கதவுகளைத் தவிர வேறு கதவு உண்டென்று எண்ணிப் பார்க்க நாம் பழகவில்லை. பின்னர் வெளிநாடு என்ற கதவு திறந்தது. இன்று வயலிலும் தோட்டத்திலும் நிற்பவர் யார் என்று பாருங்கள். அறுபதைக் கடந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னே எவரும் நிற்கவில்லை.

நிற்க. கல்லூரி வாழ்வு எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு அண்மையில் உள்ள உயர்நிலையங்கள் இரண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990இற் கிளிநொச்சியிலே தொடங்கப்பெற்றது. பின்னர் போர் அதனை இடம்பெயர்த்தது. யாழ்ப்பாணத்திலே பண்ணையின்றி, போதிய ஆய்வுகூடமின்றிப் பல்லாண்டு அது இயங்கிற்று. வயலில்லாமல் விவசாயம் கற்பித்த ஆசிரியரையும் கற்ற மாணவரையும் நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். போர் முடிந்தபின் அது மீண்டும் கிளிநொச்சிக்கு வந்து அறிவியல்நகரிலே நிலைகொண்டுள்ளது. கிழக்கிலே, 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையிலே தோன்றி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிலையத்தில், ஆரம்பத்திலிருந்தே விவசாயம் கற்பிக்கப்படுகிறது. பேராதனையின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு நான்கு ஆண்டு. பலரும் எண்ணுவதுபோல அது மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பன்று. அதே வேளையில் மண்வெட்டி பிடியாமல் முடிக்கக்கூடிய படிப்பும் அன்று. மண்ணியல், பயிரியல், பயிர்ப் பாதுகாப்பு, விலங்கு விஞ்ஞானம், நீர்ப்பாசனப் பொறியியல், விவசாயப் பொருளியல், உணவு விஞ்ஞானம், புள்ளிவிபரவியல் என்று அது விரிகிறது. மருத்துவ மாணவன் ஓர் உடலைப் பயில்கிறான். விவசாய மாணவனோ மண், நீர், செடி, பூச்சி, மாடு, சந்தை ஆகியவற்றையெல்லாம் ஒருங்கே பயில வேண்டியிருக்கிறது. இவற்றுள் எது சுலபமான படிப்பு என்று நீங்களே தீர்மானியுங்கள்.

காலை வெயில் ஏறுமுன் வெளிக்களப் பயிற்சி தொடங்கும். மாணவர்க்குப் பாத்தி பிரித்துக் கொடுக்கப்படும். அவர்களே கொத்தி, எருவிட்டு, விதைத்து, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி, விளைந்ததை நிறுத்துக் கணக்கெழுதவேண்டும். முளைத்தது எத்தனை, பட்டது எத்தனை, பட்டதற்குக் காரணம் யாது என்று நாளேட்டில் எழுதாவிட்டாற் பாத்தி பசுமையாக இருந்தும் புள்ளி கிடைக்காது. இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்வதுண்டு. பட்டணத்துப் பெரிய கல்லூரியில் உயர்ந்த பெறுபேறு பெற்று வந்தவன் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நிற்க, முல்லைத்தீவிலிருந்து வந்த கமக்காரன் மகன் அரை மணி நேரத்தில் தன் பாத்தியை முடித்துவிட்டு அவனுக்கும் கைகொடுப்பான். மாலையிற் புள்ளிவிபரவியற் கணக்கில் உதவி மறுதிசையிற் செல்லும். வேறெந்தப் பீடத்திலும் கமக்காரன் பிள்ளைக்கு இந்த மதிப்புக் கிடைப்பதில்லை.

மண் குழி என்று ஒரு பாடம் உண்டு. ஆள் இறங்கி நிற்கத்தக்க ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரிலே மண் படை படையாக அமைந்திருப்பதைக் கண்டு, ஒவ்வொரு படையின் நிறத்தையும் இறுக்கத்தையும் வேர் சென்ற ஆழத்தையும் குறிக்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக நாம் நடந்து திரிந்த நிலத்தின் உட்பக்கத்தை முதன்முதலாகக் காணும் அனுபவம் அது. வலிகாமத்துச் செம்மண் நீரை விரைவாக உறிஞ்சிக் கீழே விடுவதேன், வன்னியின் செங்கபில மண் காய்ந்தாற் கல்லாக இறுகுவதேன், நெல்லுக்கு ஏற்ற தாழ்நிலத்தில் மிளகாய் நட்டால் வேர் அழுகுவதேன் என்பவற்றுக்கெல்லாம் விடை அந்தக் குழியிலே இருக்கிறது.

பின் ஆண்டுகளிலே பண்ணைகளிலும் நிறுவனங்களிலும் பயிற்சி, இறுதியாண்டிலே ஓர் ஆய்வு. ஆய்வு என்றால் நூலகத்திலிருந்து பிரதி செய்வதன்று. ஒரு பயிரையோ பீடையையோ மண்ணையோ எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அளந்து பார்ப்பது. மழை பிழைத்தால் ஆய்வும் பிழைக்கும். மாடு புகுந்தால் ஆய்வு முடிந்தே போகும். கமக்காரன் ஆண்டுதோறும் அனுபவிக்கும் கவலை எத்தகையது என்பதைப் படித்த பிள்ளை அறிந்துகொள்ள இதனைவிடச் சிறந்த வழி இல்லை.

கடினமானவற்றையும் மறைக்கலாகாது. கற்பிக்கும் மொழி ஆங்கிலம். பதின்மூன்று ஆண்டு தமிழிலே கற்ற மாணவன் முதற் பருவத்தில் விரிவுரை மண்டபத்தில் ஊமையாய் இருக்கிறான். திறமையின்மை என்று பலர் இதனைத் தவறாக எண்ணி மனமுடைகின்றனர். ஒழுங்காக உழைப்பவர்க்கு அந்தத் தடை ஓராண்டில் அகன்றுவிடும். ஆகவே, உயர்தரப் பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையிலே கிடைக்கும் நீண்ட மாதங்களை வீணாக்காமல் ஆங்கிலத்தில் இறங்குங்கள். மற்றொன்று பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஆயினும் அது முற்றாக ஒழிந்தபாடில்லை. மூத்த மாணவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு இளையவனை இழிவு செய்பவன், நாளை விவசாயப் போதனாசிரியனாக வந்து கமக்காரனை எப்படி நடத்துவான் என்பதை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் இதனைப் "பல்கலைக்கழகத்தில் இருப்பதுதானே" என்று விட்டுவிடலாகாது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். அரச பல்கலைக்கழகத்திற் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. வறிய மாணவர்க்கு 1981 முதல் மகாபொல உதவி இருக்கிறது. அது முழுச் செலவையும் தாங்காது, சாப்பாட்டுச் செலவிற் பாதியைத் தாங்கினாலே பெரிது. மாணவியர் தொகை இந்தப் பீடங்களில் மாணவர் தொகையிலும் கூடியிருக்கக் காண்கிறோம். "பெண்பிள்ளை வயலுக்குள் இறங்குவதோ?" என்று கேட்கும் தந்தையர் இங்கே இருப்பின், அவர்தம் வயலில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் இதுவரை யார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பாராக.

இனிக் காரணத்துக்கு வருவோம். "எனது தகப்பனுக்குத் தெரியாத கமமா கல்லூரியிற் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?" என்ற கேள்வி உண்டு. இக்கேள்வியை நான் இகழமாட்டேன். பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்து, கற்பாறையின் மேற் கையளவு மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் விளைவித்த யாழ்ப்பாணக் கமக்காரனின் அறிவு எந்தப் பட்டத்துக்கும் குறைந்ததன்று. ஆனால் அந்த அறிவு துலாவும் பட்டையும் இருந்த காலத்து அறிவு. துலா மிதித்து இறைத்தபோது மனிதன் களைத்தான். கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் மனிதன் களைப்பதில்லை; கிணறு களைக்கிறது.

குடாநாட்டுக்கு ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உவர்நீரின் மேலே மிதந்து நிற்பதே நமது நன்னீர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றாற் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறையும்படி இறைத்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறி வர இடமுண்டு. கிணற்றை ஆழமாக்கினால் நீர் கூடும் என்று நினைத்துத் தோண்டியவர்கள் உப்பைத் தோண்டிய கதை இதுதான்.

இது பாதிக் கதை. மறுபாதி யூரியா. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். மண்ணில் இட்ட யூரியா அமோனியமாக மாறி, பின் நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாகிறது. பயிர் எடுத்தது போக எஞ்சிய நைத்திரேற்றை மண் பிடித்து வைப்பதில்லை. பாய்ச்சும் நீரோடும் பெய்யும் மழையோடும் அது கீழே இறங்கிவிடும். கீழே இருப்பது எது? நாம் குடிக்கும் கிணறு. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்திற் செறிவாகப் பயிர் செய்யும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. கைக்குழந்தைக்கு அந்நீரிற் பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தை நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. அன்பர்களே, பரப்புக்கு எவ்வளவு பசளை என்பதை இன்று நமக்குச் சொல்பவர் யார்? பசளை விற்கும் கடைக்காரர். மருந்து எழுதுபவரும் மருந்து விற்பவரும் ஒருவராக இருக்கும் வைத்தியசாலைக்கு உங்கள் பிள்ளையைக் கொண்டு செல்வீர்களா? மண்ணைப் பரிசோதித்து, "உமது தோட்டத்துக்கு இதில் அரைப்பங்கே போதும்" என்று தமிழிலே சொல்லக்கூடிய ஆயிரம் பேர் நமக்கு வேண்டும். அவர்களைக் கல்லூரிதான் தரமுடியும்.

மறுபக்கத்தில் நின்று, பசளையே நஞ்சு என்று முழங்குவோரும் உளர். அந்த முழக்கத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணாற் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே நாளிற் போலத் தடுக்கப்பட்டது. சேதனப் பசளையை இத்தனை விரைவில் இத்தனை அளவிற் திரட்ட இயலாது என்றும், விளைச்சல் வீழும் என்றும் நாட்டின் விவசாய விஞ்ஞானிகள் பகிரங்கமாகச் சொன்னார்கள். கேட்பாரில்லை. நவம்பரிலே தடையை நீக்கியபோது காலம் கடந்துவிட்டது. பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது; அரிசி இறக்குமதியாயிற்று. மறு ஆண்டு யூலையிலே அந்தச் சனாதிபதி நாட்டை விட்டே செல்ல நேர்ந்தது. அவரது வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாற் பயிரியல் தெரிந்தவர் சொல்லைப் புறக்கணித்ததும் அவற்றுள் ஒன்று. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தப் போகத்திற் கடன்பட்ட கமக்காரன் இன்னும் கடனிலிருந்து மீளவில்லை.

இவ்விடத்தில் ஒருவரைக் குறிப்பிடுதல் பொருந்தும். கும்பகோணத்தில் 1925இல் ஒரு சத்திர வைத்தியரின் மகனாகப் பிறந்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். தந்தையின் வழியே அவரும் மருத்துவராவார் என்பது குடும்பத்தார் எதிர்பார்ப்பு. 1943இல் வங்கத்திலே பஞ்சம் வந்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டபோது, அந்த இளைஞர் மருத்துவத்தை விட்டுக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரிக்குச் சென்றார். பின்னர் பொலிசு உயர்சேவைக்குத் தெரிவாகியும் அதனை ஏற்காமற் பிறப்புரிமையியல் ஆய்வுக்காக நெதர்லாந்து சென்றார். இந்தியாவின் கோதுமை விளைச்சலை உயர்த்திய முயற்சியிற் பெரும் பங்கு அவருடையது. அந்தப் பசுமைப் புரட்சி நிலத்தடி நீரையும் மண்ணையும் என்ன பாடுபடுத்தும் என்பதைத் தொடக்கத்திலேயே எச்சரித்தவர்களுள்ளும் அவர் ஒருவர். 2023இல் அவர் காலமானார். அவர் கோயம்புத்தூருக்கு இசற் புள்ளி குறைந்ததனாற் செல்லவில்லை என்பதை மட்டும் முன்வரிசையில் இருப்போர் மனங்கொள்க.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1950களின் இறுதியிற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான எச்-4 என்ற நெல்லினம் வெளிவந்தபோது, இந்தத் தீவின் நெல் விளைச்சலே மாறத் தொடங்கியது. இன்று நீங்கள் விதைக்கும் பி.ஜி. இனங்களும் அந்த ஆராய்ச்சி மரபில் வந்தவையே. ஆனால் மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் நமது நிலத்தின் உவரையும் வரட்சியையும் எவ்வாறு தாங்கின என்பதைத் தீர ஆராய்ந்து, அக்குணத்தை உயர்ந்த விளைச்சலோடு சேர்ப்பது யாருடைய கடமை? நமது நெல்லை நாம் ஆராயாவிட்டால் வேறொருவர் வந்து ஆராய்வார் என்று காத்திருக்கலாமா?

பொருளாதாரத்தையும் சிறிது தொடுவோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விற்றன. வீடு கட்டினோம், கிணறு வெட்டினோம், பெண்களுக்குச் சீதனம் கொடுத்தோம். 1977இற் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்தப் பொற்காலம் சரிந்தது. எங்கோ கொழும்பில் எழுதப்படும் ஓர் உத்தரவு நமது தோட்டத்து விலையைத் தீர்மானிக்கும் என்பதை அன்று நமக்கு முன்கூட்டிச் சொல்ல விவசாயப் பொருளியல் தெரிந்தவர் எத்தனை பேர் நம்மிடையே இருந்தனர்? அரிசி விளைவித்து ஆலைக்காரனின் விலைக்குக் கொடுத்துவிட்டு, அதே அரிசியை இருமடங்கு விலையில் வாங்கும் நிலை இன்றும் மாறவில்லை. களஞ்சியம், பதனிடல், கூட்டுறவு, சந்தை நிலவரம் என்பன யாவும் அந்தப் பாடநெறியினுள் அடங்கியவை.

இது அரசியற் பத்திரிகை படிக்கும் சபை. ஆதலால் ஒன்றை வெளிப்படையாகவே சொல்வேன். 1949இற் கல்லோயாத் திட்டம் தொடங்கிய நாள்முதல், நிலம் பறிபோகிறது என்று மேடைதோறும் முழங்கி வருகின்றோம். முழங்குவது பொய்யன்று. 1990 முதல் வலிகாமம் வடக்கின் அருமையான செம்மண் இராணுவ வேலிக்குள் அடைபட்டது. 2009இற் போர் முடிந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் அது முற்றாக விடுவிக்கப்படவில்லை. ஆனால் அன்றைய குடியேற்றத் திட்டங்களை வகுத்தவர்களின் கையில் மண் அளவீடும் நீர்ப்பாசன வரைபடமும் இருந்தன. நமது கையிற் கண்டனத் தீர்மானம் இருந்தது. இந்தக் குளத்தின் நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், இந்தக் காட்டின் கீழுள்ள மண் எதற்கு உதவும், இந்த நிலத்தை எத்தனை குடும்பம் எத்தனை ஆண்டு பயிர் செய்தது என்று அளந்து காட்டக்கூடியவன், மேடையில் முழங்குபவனிலும் ஆபத்தானவனாகவே எந்த அரசாங்கத்துக்கும் தோன்றுவான். அத்துடன், நாம் போராடி விடுவித்த காணி எத்தனை இன்று பற்றைக் காடாய்க் கிடக்கிறது? மீட்ட நிலத்தைத் தரிசாக விட்டுவைப்பவன், அடுத்த முறை அதைப் பறிப்பவனுக்குக் காரணம் தேடிக் கொடுக்கிறான்.

நீர் விடயமும் அவ்வாறே. கனகராயன் ஆற்றை மறித்து 1920 அளவில் முதற்கட்டம் நிறைவுற்ற இரணைமடுக் குளத்தின் நீர் யாருக்கு என்று வன்னிக் கமக்காரனும் யாழ்ப்பாணத்துக் குடிமகனும் முரண்பட்டு நின்றதை அறிவீர்கள். ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று வரைந்த திட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையிலுள்ள இந்த வழக்கை உணர்ச்சியாலே தீர்க்க முடியாது. ஒரு போக நெல்லுக்கு உண்மையில் எவ்வளவு நீர் வேண்டும், நாம் பாய்ச்சுவதில் எவ்வளவு வீணாகிறது என்பதை அளந்து, இரு பகுதியாரும் நம்பத்தக்க முறையிலே சொல்லும் அறிஞர் வேண்டும்.

தொழில் வாய்ப்பைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன். பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்போர் விவசாயப் பட்டதாரிகளிலும் உளர். விவசாயத் திணைக்களம், கமநல சேவைகள், தேயிலை, தெங்கு, இறப்பர் ஆராய்ச்சி நிலையங்கள், வங்கிகள், விதை நிறுவனங்கள், வெளிநாட்டு மேற்படிப்பு என்று வழிகள் பல இருப்பினும், யாவும் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. அரசாங்க நியமனம் ஒன்றையே இலக்காக வைத்துச் செல்பவருக்கு ஏமாற்றம் காத்திருக்கலாம். ஆனால் வேறு பட்டம் பெற்றுக் காத்திருப்பவனுக்கும் இவனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பத்துப் பரப்புக் காணியும் ஒரு கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு, நாற்றுமேடையோ பாற்பண்ணையோ விதை உற்பத்தியோ தொடங்குவதற்கு எவருடைய நியமனக் கடிதமும் வேண்டியதில்லை.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோர்க்கும் வழி அடைபடவில்லை. திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகள் பரந்தனிலும் வவுனியாவிலும் அம்பாறை மாவட்டத்துப் பாலமுனையிலும் உள்ளன. அங்கே இரண்டாண்டு டிப்ளோமா பெற்று வருபவரே பெரும்பாலும் போதனாசிரியராக உங்கள் வயல் வரம்பிலே வந்து நிற்பவர். பட்டதாரியிலும் இவர்களே கமக்காரனுக்கு அண்மையில் இருப்பவர்கள். இதனை இரண்டாந்தரக் கல்வி என்று ஒதுக்குவது பேதைமை.

மாணவர்க்கு ஒரு நடைமுறை ஆலோசனை. விண்ணப்பப் படிவத்தில் விவசாயத்தை எத்தனையாவதாக எழுதுவது என்பதை அன்றைய தினம் வரை விட்டுவைக்காதீர்கள். இப்போதே ஒருமுறை அறிவியல்நகருக்கோ வந்தாறுமூலைக்கோ சென்று, அங்கே கற்பவரோடு பேசிப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாணவர்க்குப் பின்தங்கிய மாவட்டத்தார் என்ற வகையில் வெட்டுப்புள்ளியிலே சலுகை இருக்கிறது. எழுபதுகளில் நம்மை வருத்திய மாவட்டப் பங்கீட்டு முறை, இன்று வன்னிப் பிள்ளைக்குக் கைகொடுக்கிறது. வரலாற்றின் விந்தைகளில் இதுவும் ஒன்று. கிடைக்கும் வாய்ப்பை விடவேண்டாம்.

கமக்காரப் பெருமக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த காலபோகத்திலே ஆய்வுக்காக உங்கள் வயலைக் கேட்டு ஒரு மாணவனோ மாணவியோ வரக்கூடும். கால் ஏக்கர் கொடுங்கள். பசளை இடாமல் ஒரு பாத்தியை விட்டுவைக்கச் சொன்னாற் சிரியாதீர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே அது. அவர்கள் எழுதிக்கொண்டு போவதன் முடிவைத் தமிழில் உங்களுக்கு வந்து சொல்லவேண்டும் என்று முன்னமே நிபந்தனை போடுங்கள். ஆய்வு முடிந்ததும் அறிக்கை ஆங்கிலத்தில் அலுமாரிக்குப் போய்விட, வயலைக் கொடுத்தவனுக்கு ஒன்றும் தெரியாமற் போவது நெடுங்காலமாக நடந்துவரும் அநியாயம். அதனை நிறுத்தும் அதிகாரம் வயலுக்குச் சொந்தக்காரராகிய உங்கள் கையில் இருக்கிறது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மாணவர் சிலர் கேள்விகளைத் தாளில் எழுதி அனுப்பியிருக்கின்றனர். முதலாவது, உயர்தரத்திற் பௌதிகத்தை விட்டு இப்போது விவசாய விஞ்ஞானத்துக்கு மாறலாமா என்பது. அதற்கு முதலில் விடை கூறுகின்றேன். மற்றையவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.